கல்லு மேல தப்பில்லை, ஜாயின்ட்டுல தான் கோளாறு! வாசல் கடப்பா கல்லுக்கு எந்த கலவை தாங்கும்?

திருவொற்றியூர்,

மழை விட்டு பத்து நாள் ஆனதும் டோல்கேட் பக்கத்து சந்துகளில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். வாசலில் கால் வைத்தால் 'டக்', எடுத்தால் 'டக்'. கடப்பா கல் ஆடுகிறது. கல்லுக்கு அடியில் தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீர் இடுக்கு வழியாக பீய்ச்சி, வேலைக்கு கிளம்பியவரின் பேண்ட்டில் அடிக்கிறது.

உடனே வீட்டில் பஞ்சாயத்து. "போன வருஷம் தானே கல்லு மாத்தினோம்?" என்று ஒருவர். "அந்த கல்லே சரியில்லை" என்று இன்னொருவர். கடைசியில் கொத்தனாருக்கு போன் போகும். அவர் வந்து ஒரு மூட்டை சிமெண்டு, ஒரு நாள் கூலி என்று கணக்கு சொல்வார். இடுக்கு எல்லாம் சிமெண்டு பூசி பளபளவென்று ஆகிவிடும். அடுத்த மழைக்கு மறுபடியும் 'டக் டக்'.

பணம் போனது ஒரு பக்கம். ஆடுகிற கல்லில் வயசானவங்க கால் இடறி விழுந்தால் அது வேற செலவு. கல்லுக்கு அடியில் இறங்கும் தண்ணீர் சும்மாவும் இருப்பதில்லை. சுவருக்கு அடியில் போய் ஓதம் ஏற்றுகிறது. வீட்டுக்குள் தரையில் இருந்து இரண்டு அடி உயரத்துக்கு பெயிண்ட் உரிகிறது என்றால், பாதி வீடுகளில் அதற்கு முதல் வாசல் இந்த வாசல்தான்.

இதில் பாவம், கல் மீது பழி விழுகிறது. கடப்பா கல் என்பது ஆந்திராவில் கடப்பா, கர்னூல் பக்கம் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல் ரகம். கெட்டியான கல். தண்ணீரை அதிகம் குடிக்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் பதித்த கல்லை பெயர்த்து பார்த்தால், கல் அப்படியே இருக்கும். போனது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் அடைத்த கலவைதான்.

இதே கல் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கும் போகிறது. அங்கே வீட்டு பின்பக்க தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருகிற தளத்துக்கு 'கடப்பா பிளாக்' என்ற பெயரிலேயே விற்கிறார்கள். அந்த ஊரிலும் இதே தலைவலிதான். அங்கே இடுக்கில் இறங்கிய தண்ணீர் குளிரில் பனிக்கட்டியாக உறையும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும். அந்த அழுத்தத்தில் ஜாயின்ட் வெடிக்கும்.

டோல்கேட்டில் ஏது பனி என்று கேட்கலாம். இங்கே அந்த வேலையை உப்பு செய்கிறது.

உப்பு எப்படி கலவையை தின்கிறது?

ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டிய ஊர். காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், சைக்கிள் ரிம் எல்லாம் எவ்வளவு சீக்கிரம் துரு பிடிக்கிறது என்பது இந்த பகுதி மக்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உப்பு ஈரத்தோடு சேர்ந்து கல் இடுக்கில் இறங்குகிறது. பல வீடுகளில் போர் தண்ணீரும் உப்பு.

பகலில் வெயில் அடித்ததும் ஈரம் மட்டும் ஆவியாகும். உப்பு எங்கேயும் போகாது. கலவைக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளில் படிகமாக உட்காரும். ராத்திரி ஈரக்காற்றில் கரையும். மறுநாள் மறுபடி படிகம். ஒவ்வொரு தடவையும் அந்த படிகம் துளையின் சுவரை நெம்புகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் கெட்டியான கலவையும் மாவு மாதிரி உதிரும். ஜாயின்ட்டில் வெள்ளையாக பூத்திருப்பதை துடைத்து விட்டு 'சுண்ணாம்பு பூத்திருக்கு' என்று பலரும் போய்விடுகிறார்கள். சில சமயம் அது சிமெண்டில் இருந்து வரும் சுண்ணாம்பாகவும் இருக்கும். ஆனால் துடைக்க துடைக்க திரும்பத் திரும்ப பூத்தால், அடியில் இருந்து உப்பு ஏறுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் உள்ளூரில் தாங்கும் கலவைக்கு முதல் பாடம் தண்ணீர். கலவை குழைக்க உப்பு தண்ணீர் ஆகாது. இரும்பு கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2 ஆயிரம் மில்லி கிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்றும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500 மில்லி கிராம்தான் என்றும் இந்திய தர நிர்ணய விதி (ஐ.எஸ். 456) சொல்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 19 ஆயிரம் மில்லி கிராம் இருக்கிறது. கடல் ஏறின போர் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை கலவைக்கு ஊற்ற வேண்டாம். ஒரு வாசலுக்கு ஜாயின்ட் அடைக்க ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் போதும். அதில் கஞ்சத்தனம் பார்ப்பதுதான் பிறகு வம்பு.

அடுத்தது மணல். கடற்கரை பக்கத்தில்தானே இருக்கு, நாலு சாக்கு அள்ளிட்டு வந்தா போச்சு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடற்கரை மணலை அள்ளுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி தடை செய்யப்பட்டது. சட்டத்தை விடுங்கள், துறைமுகம் வந்த பிறகு வடக்கு பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால்தான் இங்கே வரிசையாக பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இருக்கிற கொஞ்ச மணலையும் அள்ளி வாசலுக்கு கீழே போட்டால், ஊரும் போகும், வாசலும் போகும். அந்த மணலோடு கூடவே உப்பும் வீட்டுக்கு வருகிறது. கல்லுக்கு அடியில் உப்பை மூட்டையாக கொட்டி வைத்த கதைதான்.

எம்-சாண்டோ ஆற்று மணலோ, எது வாங்கினாலும் ஒரு சின்ன சோதனை பண்ணிப் பார்க்கலாம். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர் ஊற்றி நன்றாக குலுக்கி வைத்துவிட வேண்டும். மூணு மணி நேரம் கழித்து மணலுக்கு மேலே சேறு தனி அடுக்காக படிந்திருக்கும். மணல் அடுக்கின் உயரத்தில் அது 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மணலை கழுவாமல் போடக்கூடாது. சேறு கலந்த கலவை காய்ந்ததும் சுருங்கி, கல் ஓரத்தை விட்டு மயிரிழை அளவு விலகி நிற்கும். கண்ணுக்கு தெரியாத அந்த கோட்டில்தான் மழை இறங்கும்.

'சிமெண்டை கூட போடுங்க' என்பதில்தான் சிக்கல்

வீட்டுக்காரர்கள் பொதுவாக கொத்தனாரிடம் சொல்வது ஒன்றுதான். "அண்ணே, சிமெண்டை கொஞ்சம் தாராளமா போடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்." நல்ல எண்ணம்தான். ஆனால் வாசல் கல் விஷயத்தில் அது எதிர்மாறாக போய் முடிகிறது.

கருப்பு கல் வெயிலில் கொதிக்கும். மத்தியானம் செருப்பில்லாமல் நிற்க முடியாது. ராத்திரி ஆறிவிடும். 20 அடி நீள வாசலில் 30 டிகிரி ஏறி இறங்கினால், கல் வரிசை மொத்தமாக சுமார் ஒன்றரை மில்லி மீட்டர் நீண்டு சுருங்கும். ஒன்றரை மில்லி மீட்டர் தானே என்று தோன்றும். ஆனால் அது தினமும் நடக்கிறது. அதற்கு மேல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரி போகும்போது ரோட்டோர வீடுகளுக்கு வருகிற அதிர்வு தனி.

இந்த அசைவை யாராவது ஒருத்தர் தாங்கியாக வேண்டும். ஜாயின்ட் கலவை கல்லைவிட கொஞ்சம் மென்மையாக இருந்தால் அது தாங்கும். தேய்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி அடைக்கலாம். கலவை கல் மாதிரியே விறைப்பாக இருந்தால் ஒட்டிய இடத்தில் பிளக்கும், இல்லை என்றால் கல்லின் ஓரத்தையே உடைத்துக் கொண்டு வரும். ஓரம் உடைந்த கல்லை என்ன கொடுத்தாலும் ஒட்ட முடியாது.

வெறும் சிமெண்டை குழைத்து 'பால்' மாதிரி ஊற்றுவதும், ஒயிட் சிமெண்டை மட்டும் பிசைந்து தடவுவதும் இதே தவறுதான். மணல் இல்லாத சிமெண்டு காயும்போது அதிகமாக சுருங்கும். அன்றைக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் குறுக்கே குறுக்கே கோடு விழும். மணல் இல்லாத பில்லர் எல்லாம் 3 மில்லி மீட்டர் வரை உள்ள டைல்ஸ் இடுக்குக்குத்தான். அதற்கு மேல் இடுக்கு அகலமாக இருந்தால் மணல் கலந்த கலவைதான் நிற்கும். வாசல் கல் இடுக்கு பெரும்பாலும் 5-ல் இருந்து 10 மில்லி மீட்டர் வரும்.

கல்லும் கல்லும் ஒட்டி இடுக்கே இல்லாமல் பதிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அந்த இடுக்கில் கலவை உள்ளே போகாது, மேலே ஒரு தோல் மாதிரி நிற்கும். முதல் வெயிலுக்கே அந்த தோல் உரியும். கடப்பா கல் நாலு பக்கமும் ஒரே அளவாக வெட்டி வருவதும் அபூர்வம்.

பாட்டன் காலத்து சுண்ணாம்பு

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோவில் கருவறையை பார்த்தவர்களுக்கு தெரியும். பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்த கஜபிருஷ்ட விமானம். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்தது. ஆயிரம் வருஷமாக இதே கடல் காற்றில்தான் நிற்கிறது. அந்த காலத்து கருங்கல் கட்டடங்களில் கல்லை கல்லோடு தேய்த்து பொருத்தி, அதன் எடையிலேயே உட்கார வைத்தார்கள். ஜாயின்ட்டை நம்பி கட்டியதில்லை. ஒரு அங்குல கனமுள்ள கடப்பா கல்லுக்கு அந்த வசதி இல்லை. அது லேசு. அடியில் தளம் சரியில்லை என்றால் உடனே ஆட ஆரம்பிக்கும்.

கோவிலை விட வீடுகளில் இருந்து கற்றுக்கொள்ளலாம். சிமெண்டு வருவதற்கு முன்னால் மெட்ராசில் எல்லாமே சுண்ணாம்பு. அதிலும் பழவேற்காடு ஏரி பக்கம் தோண்டி எடுத்த கிளிஞ்சலை சுட்டு எடுத்த சுண்ணாம்புக்கு தனி பெயர். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மரக்கட்டை அடுக்கி, செங்கல்லை குத்துக்கல்லாக வைத்து சுண்ணாம்பில் பூட்டிய மெட்ராஸ் மாடிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

சுண்ணாம்பு கலவைக்கு சிமெண்டு அளவுக்கு பலம் கிடையாது. அதன் குணமே வேறு. காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகும். லேசான அசைவுக்கு வளைந்து கொடுக்கும். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே மூச்சு விடும். உப்பு வந்தாலும் கல்லை விட்டுவிட்டு கலவையில் வந்து பூக்கும். கலவை தேயும், கல் தப்பிக்கும்.

இதற்காக இப்போது யாரும் கடுக்காய் அரைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்பு, ஆறு பங்கு சலித்த மணல். கொத்தனார்களில் வயசானவர்களிடம் '1-1-6' என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். ஆள் மட்டும் நடமாடுகிற வாசல், துளசி மாடம் இருக்கிற முற்றம், திண்ணை ஓரம் போன்ற இடங்களுக்கு கடலோர ஊரில் இது நல்ல பொருத்தம். ஒரே ஒரு எச்சரிக்கை, சுண்ணாம்பு முழுசாக நீர்த்திருக்க வேண்டும். கல் சுண்ணாம்பு வாங்கினால் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து சலித்துத்தான் எடுக்க வேண்டும். வேகாத குருணை உள்ளே இருந்தால் மாதங்கள் கழித்து ஊதி, ஜாயின்ட்டில் சோளப்பொரி மாதிரி வெடிக்கும். சுண்ணாம்பு நீர்க்கும்போது கொதிக்கும் என்பதால் பிள்ளைகளை கிட்டே விடக்கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பைக் நிறுத்துகிற இடத்துக்கு?

டூவீலர் ஏறி இறங்குகிற வாசலுக்கு சுண்ணாம்பு கலவை போதாது. ஸ்டாண்டு குத்துகிற இடம் குழியாகிவிடும். அங்கே ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். சிமெண்டு வாங்கும்போது 'பி.பி.சி.' என்று போட்ட மூட்டையாக பார்த்து வாங்குவது நல்லது. அதில் அனல்மின் நிலையத்து சாம்பல் கலந்திருக்கும். அத்திப்பட்டு பக்கம் புகைபோக்கியை பார்த்து திட்டாதவர் இந்த ஊரில் கிடையாது. அந்த சாம்பல் காற்றில் கலந்தால் நுரையீரலுக்கு கேடு. அரைத்து சிமெண்டில் சேர்த்தாலோ, கலவையின் துளைகளை சின்னதாக்கி உப்பு நுழைவதை குறைக்கிறது. இறுகுவதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும்.

அதே கலவையில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்கிற பால் மாதிரியான திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி சேர்த்தால் கல் ஓரத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். கடப்பா கல்லின் ஓரம் வழவழவென்று இருப்பதால் வெறும் சிமெண்டுக்கு பிடி கிடைப்பதில்லை என்பதை பலரும் கவனிப்பதில்லை. எந்த கலவையாக இருந்தாலும் கல் ஓரத்தை பிரஷ் போட்டு கழுவி, அறுத்த தூசியை எடுத்துவிட்டு, ஈரம் காயும் முன் அடைக்க வேண்டும். தூசி மேல் ஒட்டிய கலவை தூசியோடு வந்துவிடும்.

செலவு பயம் வேண்டாம். 10 அடிக்கு 10 அடி வாசலில் 2 அடி சதுர கல் 25 பிடிக்கும். சுவர் ஓரத்தையும் சேர்த்து இடுக்கு நீளம் 120 அடி. 8 மில்லி மீட்டர் அகலம், ஒரு அங்குல ஆழம் என்று வைத்தாலும் மொத்தமே ஏழு, எட்டு லிட்டர் கலவைதான். ஒரு பக்கெட்டு கூட நிறையாது. '1-4' கலவை என்றால் அதற்கு 3 கிலோ சிமெண்டு போதும். 50 கிலோ மூட்டையில் இது எந்த மூலை? ஆக ஜாயின்ட்டுக்கு நல்ல மணல், நல்ல தண்ணீர், லேடெக்ஸ் என்று பார்த்தாலும் பொருள் செலவு பெரிதாக ஏறாது. காசு எல்லாம் கூலியிலும் அடியில் போடும் தளத்திலும்தான் போகிறது. அதே கூலியை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கொடுப்பதா, ஒரே தரம் கொடுப்பதா என்பதுதான் கணக்கு.

மீன் அலசுகிற இடம் தனி

இந்த பக்கத்து வீடுகளில் பின்கட்டில் ஒரு கல் மேடை இருக்கும். அங்கேதான் மீன் அறுப்பது, பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது எல்லாம். எந்நேரமும் ஈரம், எண்ணெய், சோப்பு, உப்பு. மீன் செதில் இடுக்கில் போய் உட்கார்ந்தால் நாற்றம், எறும்பு, கரப்பான். இந்த இடத்துக்கு மட்டும் சிமெண்டும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். எபாக்சி கிரவுட் போடலாம். தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே விடாது.

ஆனால் எபாக்சியை பார்த்து மயங்கி வாசல் முழுக்க போடுகிறவர்களும் இருக்கிறார்கள். விலையும் அதிகம், வேலையும் சிரமம். வெயில் நாளில் கலந்த கொஞ்ச நேரத்திலேயே இறுகிவிடும். கல் மேல் வழிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிசின் கறை நிரந்தரம். வெயில் நேராக பட்டால் நாளடைவில் மஞ்சள் பாயும். எல்லாவற்றுக்கும் மேல், அது மூச்சு விடாது. அடியில் ஓதம் இருக்கிற வாசலில் எபாக்சி போட்டால், வெளியே வர முடியாத ஈரம் கல் வழியாகவோ சுவர் வழியாகவோதான் வரும். அடியில் கான்கிரீட் தளம் போட்ட இடத்துக்கு மட்டும் எபாக்சி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரம் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து தெருவுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் குடித்த பழைய ஜாயின்ட் மேல் புது கலவை எதுவும் ஒட்டாது. அப்படிப்பட்ட வீடுகளில் மேலே மேலே பூசி பிரயோஜனம் இல்லை. எண்ணெய் இறங்கிய ஆழம் வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இடுக்கில் கொட்டி தண்ணீர் தெளித்தால் இறுகுகிற பாலிமர் மணல் பிரபலம். இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கிறது. தண்ணீர் வடிகிற மேட்டு இடத்துக்கு அது பரவாயில்லை. தண்ணீர் தேங்கினால் இளகும் குணம் அதற்கு உண்டு. கார்த்திகை மாதம் முழங்கால் தண்ணீர் நிற்கிற சந்துக்கு அது ஆகாது.

அதற்கு வெறும் மணலே மேல். பிளாட்பாரத்தில் பதித்திருக்கும் பேவர் பிளாக்கை பார்த்தால், நடுவில் கலவையே இருக்காது, மணல்தான். கட்டைகள் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொண்டு, அதிர்வு வந்தாலும் அசைந்து அசைந்து மறுபடி உட்காரும். மழைத் தண்ணீரும் பூமிக்குள் இறங்கும். பக்கவாட்டு சந்துக்கும், கார் நிறுத்துகிற இடத்துக்கும் அந்த முறை நல்லது. மழைக்குப் பிறகு மணலை மறுபடி பெருக்கி விட வேண்டும். எறும்பு தோண்டி வெளியே தள்ளும் மணல் கணக்கு தனி. கனமில்லாத அகல கடப்பா கல்லுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது, ஆடும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம்

கொத்தனார் நல்லா போட்டுக் கொடுத்த ஜாயின்ட்டை வீட்டுக்காரரே கெடுப்பது இந்த இடத்தில்தான். பொங்கலுக்கு முன்னால் வாசல் பளிச்சென்று ஆக வேண்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றி தேய்க்கிறார்கள். நுரை பொங்குவதை பார்த்து அழுக்கு போகிறது என்று சந்தோஷம் வேறு. பொங்குவது அழுக்கு இல்லை. கடப்பா கல்லே சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டால் கல்லும் கரையும், சிமெண்டும் கரையும். கருப்பு நிறம் வெளுத்து சாம்பல் திட்டு விழுவதும், ஜாயின்ட் குழி விழுவதும் அதனால்தான். சோப்பு தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும். பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடரை கரைத்து தெளித்து, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு கழுவிவிடலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒன்றாக சேர்க்கக் கூடாது. கிளம்புவது விஷ வாயு.

சுவர் ஓரத்தில் விடுகிற இடைவெளிக்கும் இதே மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. வாசல் பெரிதாக இருந்தால் சுவரை ஒட்டியும், 15 அடிக்கு ஒரு தரம் நடுவிலும் ஒரு இடுக்கில் கலவை போடாமல், ரப்பர் மாதிரி நீளும் பாலியூரிதேன் சீலண்ட் அடைப்பது நல்லது. மேலே சொன்ன அந்த ஒன்றரை மில்லி மீட்டர் அசைவை அது வாங்கிக்கொள்ளும். கடையில் சிலிகான் டியூப் கொடுத்தால், அழுத்திப் பார்த்து புளிச்ச காடி வாசம் அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதில் வருவது அசிட்டிக் அமிலம். அதுவும் சுண்ணாம்புக்கல்லுக்கு ஆகாது.

பழைய ஜாயின்ட்டை எடுக்கும்போது

ஆடாத கல், ஜாயின்ட் மட்டும் போயிருக்கிறது என்றால் முழு வாசலையும் பெயர்க்கத் தேவையில்லை. பழைய கலவையை ஒரு அங்குல ஆழத்துக்காவது எடுக்க வேண்டும். மேலாக கீறிவிட்டு பூசினால் ஒரு மழைக்குத்தான் நிற்கும். மெஷின் வைத்து அறுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் கிளம்பும் தூசியில் மணல் சிலிகா இருக்கிறது. வருஷக்கணக்கில் அதை சுவாசிக்கும் தொழிலாளிக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அதற்கு குணம் கிடையாது. மூக்கில் டவல் கட்டினால் அந்த நுண்ணிய தூசி நிற்காது. நல்ல முகக்கவசம் வேண்டும், அறுக்கும் இடத்தில் சித்தாள் ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர்களும் 'வாசல் சேறாகுது' என்று இதற்கு முகம் சுளிக்கக்கூடாது.

குழைத்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து, இறுகின கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றி கிளறுவது பல இடங்களில் நடக்கிறது. அது கலவையே இல்லை, சாம்பல். பாண்டு பாண்டாக குழைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக குழைத்தால் இந்த பிரச்சினையே வராது. இடுக்கில் கலவையை கரண்டியால் தடவி விட்டால் போதாது. குச்சியோ கம்பியோ வைத்து அடி வரைக்கும் குத்தி இறக்க வேண்டும். கல் மட்டத்தில் இருந்து துளி கீழே அழுத்தி முடிப்பது நல்லது. மேடாக நிற்கிற கலவைதான் செருப்பிலும் துடைப்பத்திலும் முதலில் பெயரும்.

தண்ணீர் வடிய வாட்டம் இல்லாத வாசலில் எந்த கலவையும் தாங்காது. 10 அடிக்கு ஒன்றரை அங்குலத்தில் இருந்து 2 அங்குலம் வரை தெருப்பக்கம் சரிவு இருக்க வேண்டும். டோல்கேட் பக்கம் பல தெருக்களில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. அந்த வீடுகளில் வாட்டத்தை தெருவுக்கு கொடுக்க முடியாது. உள்ளேயே ஒரு ஓரமாக குழி விட்டு குழாய் போட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த குழிக்கு மேல் ஜல்லடை போடாவிட்டால் மீன் செதிலே அதை அடைத்துவிடும்.

வேலையை ஐப்பசியில் ஆரம்பித்தால் மழை கெடுக்கும். சித்திரை வெயிலில் ஆரம்பித்தால் கலவை இறுகும் முன் காய்ந்துவிடும். மாசி, பங்குனி தோது. வேலை முடிந்த அன்றே சாயந்திரம் கோணிச்சாக்கை நனைத்து மேலே போட்டு, ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.பி.சி. சிமெண்டு என்றால் பத்து நாள். அந்த தண்ணீரும் போர் தண்ணீராக இருக்கக்கூடாது. பைக்கை அதுவரைக்கும் தெருவிலேயே நிறுத்த வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்ததும் கொத்தனாருக்கு கணக்கு தீர்ப்பதற்கு முன்னால், சுத்தியலின் மரக்காம்பால் ஒவ்வொரு கல்லையும் நாலு மூலையிலும் தட்டிப் பார்க்கலாம். 'டங்' என்று கெட்டியாக கேட்டால் அடியில் படுக்கை சரியாக இருக்கிறது. 'டொக்' என்று பொந்து சத்தம் கேட்டால் அந்த ஒரு கல்லை அன்றைக்கே தூக்கி அடியில் கலவை நிரப்பச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது அரை மணி நேர வேலை.